ஐந்து ஐந்தாகப் படித்த குரல்

அன்று காலை அந்தக் கடையறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான். என் மனைவி. என் தம்பியின் மனைவி. தம்பியின் மகள் கமா. கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர். வேறு யாரும் இல்லை. எதிர்வீட்டுக்காரர் தானும் இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். அவர் சாயங்காலம்தான் வந்தார்.

நீதிமன்றத்தில் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். யார் யார் இருந்தார்கள் என்று சொல்லாமல் எந்தச் சங்கதியையும் தொடங்கிப் பழக்கமில்லை.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். என் தம்பி வீட்டு முன்னறையில் டி.டி.பி. கடை வைத்திருந்தான். புத்தகம், நோட்டீஸ், ஆய்வேடு எதுவானாலும் பக்கம் கட்டிக் கொடுப்பான். போன மாதம், அச்சுக்குப் போகவேண்டிய ஒரு பக்கத்தைத் திரையில் திறந்து வைத்தபடியே போய்விட்டான். அவனுக்கு ஒரு மகனும் உண்டு. அப்பனிடம் வேலை கற்று, அப்பனுடைய வாடிக்கைக்காரர்கள் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு போய், நாலு தெரு தள்ளித் தனிக்கடை போட்டவன். "இந்த வாசலை அவன் மிதிக்கக் கூடாது. இங்கேயிருந்து யாரும் அவனோட பேசவும் கூடாது" என்று சொன்னவன் நான். தம்பி மறுபேச்சு பேசவில்லை. நான் சொல்லி அவன் தட்டியதில்லை.

சாவன்று மகன் வந்தான். கேட்டுக்கு வெளியே நின்றான். நான் உள்ளே கூப்பிடவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. பார்த்துவிட்டுப் போனான்.

புதுக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். பழையது அந்திமத்தில் இருந்தது. கொஞ்ச நேரம் ஓடினால் உள்ளே விசிறி அலறும், பிறகு தானாக அணைந்துவிடும். இதற்கிடையில் பாடப்புத்தக நிறுவனம் ஒன்று அடுத்த வருஷத்துப் புத்தகங்களைக் கமாவிடமே தருவதாகச் சொல்லியிருந்தது. ஒரே நிபந்தனை, மெஷினில் உள்ளதெல்லாம் லைசென்ஸ் உள்ளதாக இருக்கவேண்டும். மறுநாள் அவர்கள் ஆள் வந்து பார்ப்பார்.

பார்க்கட்டும் என்றுதான் நான் இருந்தேன். எங்கள் வீட்டுக்குள் திருட்டுச் சரக்கு நுழைந்ததில்லை. ஊரில் பாதிக் கடைகளில் காப்பியடித்த ஆபரேட்டிங் சிஸ்டம் ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே, தம்பி பெட்டியோடு, ரகசிய எண் அச்சடித்த அட்டையோடு முறையாக வாங்கியவன். வாங்கச் சொன்னவன் நான். வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று அந்தப் பெட்டியை அலமாரியின் மேல்தட்டில் நிறுத்தச் சொன்னவனும் நான்தான்.

"லைசென்ஸ் புதுசாவே ஒண்ணு வாங்கிடலாம்மா," என்றாள் கமா. "உக்காந்த இடத்துலயே வாங்கலாம், ஒரு நிமிஷம்கூட ஆகாது, பழசை இதுக்கு மாத்தறது தலைவலி, நடுவுல சிக்கிச்சுன்னா நாளைக்கு அந்த ஆள் முன்னாடி முழிச்சுக்கிட்டு நிக்கணும், அப்புறம்..."

கமா என்பது அவள் அப்பா வைத்த பெயர். வாயைத் திறந்தால் முற்றுப்புள்ளி கிடையாது.

"அவர் வாங்கினது இருக்குல்ல," என்றாள் அவள் அம்மா. "மேஜை மாறிடுச்சு. மெஷினும் மாறிடுச்சு. அவர் கை பட்டது ஒண்ணாவது இதுக்குள்ள ஓடட்டும்."

புருஷன் போனதிலிருந்து அவள் எதையும் கேட்டதில்லை. சாப்பிடு என்றால் சாப்பிட்டாள், படு என்றால் படுத்தாள். அவள் வாய்விட்டுக் கேட்டது இந்த ஒன்றுதான். பிறகு மகளிடம், "பெரியப்பாகிட்ட சொல்லு" என்றாள்.

நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து அவள் என்னோடு நேராகப் பேசியதில்லை. எல்லாம் தம்பி வழியாக, அல்லது கமா வழியாக. அந்த மரியாதையை நான் மதிக்கிறேன்.

"மாத்தட்டும்" என்றேன், கமாவிடம்.

ரிப்பேர்காரருக்குத் தெருவில் மதர்போர்டு என்று பெயர். ஸ்விட்ச் போடாமல் இருந்தாலும் "மதர்போர்டு போச்சு சார்" என்பார். அன்று நல்ல மனநிலையில் இருந்தார்.

"கவலையே வேணாம்ங்கய்யா. மெஷினோட சேர்ந்து வந்த லைசென்ஸ்னா அந்த மெஷினோடயே போயிடும். இது கடையில தனியா வாங்கினது. இங்கிருந்து எடுத்து அங்க போட்டுக்கலாம். ஆனா ஒரு நேரத்துல ஒரு மெஷின்தான்."

"அப்ப மதர்போர்டு போகலையா? அதிசயமா இருக்கே!" என்றாள் என் மனைவி.

"ஏம்மா என்னை ஓட்டறீங்க."

தம்பி மனைவிகூட லேசாகச் சிரித்தாள். அந்த அறையில் சிரிப்பு கேட்டு நாளாகியிருந்தது.

கமா பெட்டியை இறக்கி, அட்டையை எடுத்து, எண்ணைப் படித்தாள். ஐந்து ஐந்து எழுத்தாக, ஐந்து கொத்து. மதர்போர்டு புது மெஷினில் தட்டினார். திரையில் வட்டம் சுற்றியது. நின்றது.

"வேற கம்ப்யூட்டர்ல ஓடிட்டிருக்குன்னு சொல்லுது," என்றார்.

"பழைய மெஷின்ல இருக்குல்ல, அதான்."

"அதான் அதான். முதல்ல அங்க எடுத்திருக்கணும். அவசரப்பட்டுட்டேன்."

பழையதைப் போட்டார். முக்கி முனகி எழுந்தது. திரை வெறும் கறுப்பாக வந்தது.

அந்தக் கறுப்பு எனக்குப் பழகியதுதான். முன்பெல்லாம் அங்கே ஒரு குடும்பப் படம் இருக்கும். தம்பி, அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள், நடுவில் நாற்காலி போட்டு நான். போன மழைக்காலத்தில் ஒரு நாள் வந்தபோது படத்தைக் காணவில்லை. "எங்கேடா படம்?" என்றேன். "கண்ணு கூசுது அண்ணா" என்றான். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. மகன் அந்தப் படத்தில் இருக்கிறான், அதனால் எடுத்துவிட்டான், என் சொல்லுக்குக் கட்டுப்பட்டவன் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய் மனைவியிடமும் சொன்னேன்.

மதர்போர்டு எங்கெங்கோ தட்டித் திறந்தார். முகம் மாறியது.

"ஐயா, இதுல லைசென்ஸே இல்ல."

"என்ன சொல்றீங்க?"

"இதுலேர்ந்து எடுத்துட்டாங்க. நேத்து இன்னைக்கு இல்ல, மாசக்கணக்கா இது வெறும் மெஷினாத்தான் ஓடிட்டிருக்கு." குனிந்து திரையின் வலது மூலையைப் பார்த்தார். "இது என்ன டேப்பு?"

"அதைத் தொடாதீங்க," என்றாள் தம்பி மனைவி. "அங்க கண்ணாடி கீறியிருக்கு. அவர் ஒட்டினது."

அதற்குள் கமா நகத்தை விட்டு ஒரு முனையை எடுத்துவிட்டாள். பார்சல் ஒட்டுகிற பழுப்பு டேப். கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். தம்பி எதையும் கோணலாக ஒட்டமாட்டான். ஸ்கேல் வைத்து வெட்டிய மாதிரி நான்கு பக்கமும் நேராக இருந்தது.

டேப் உரிந்து வந்தது. அடியில் கீறல் இல்லை. மங்கிய சாம்பல் எழுத்தில் இரண்டு வரி தெரிந்தது. இந்த மெஷினுக்கு லைசென்ஸ் இல்லை, பதிவு செய்துகொள்ளவும் என்று.

விசிறி அலறத் தொடங்கியது.

"அதனாலதான் முன்னாடி இங்க இருந்த படமும் போயிருக்கு," என்றார் மதர்போர்டு. "லைசென்ஸ் இல்லைன்னா கறுப்பாக்கிடும். திரும்பப் படம் வைக்க விடாது."

தம்பி மனைவி அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கண்ணு கூசுதுன்னாரே," என்றாள். "மருந்து வாங்கிட்டு வந்தேனே. தினமும் ராத்திரி படுக்க வெச்சு விட்டேனே. எரியுதுன்னுகூடச் சொல்லலையே கமா. கண்ணைத் திறந்து காட்டினாரே."

அவன் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. அவள் சொட்டு மருந்து விட விட, சும்மா படுத்துக் கிடந்திருக்கிறான்.

மதர்போர்டுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. "யாரோ எண்ணைத் திருடிட்டாங்கய்யா. எல்லார் கண்ணுலயும் படற மாதிரியா வைக்கறது? போன்ல ஒரு போட்டோ எடுத்தா போதுமே. விடுங்க, லைசென்ஸ் இல்லாமலே ஓடற மாதிரி நான் ஒரு கிராக் போட்டுத் தர்றேன். நாளைக்கு வர்றவன் என்ன, உள்ள தலையை விட்டா பாக்கப்போறான்?"

"எழுந்திருங்க," என்றேன்.

"ஐயா?"

"வெளியில போய் நில்லுங்க. கூப்பிட்டா வரலாம்."

போனார். வாசலில் நின்றாரா தெருவுக்கே போனாரா என்று நான் பார்க்கவில்லை.

"திருடினா இதுலேர்ந்து எப்படிப் பெரியப்பா போகும்?" என்றாள் கமா. முதல்முறையாக நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "இங்க உக்காந்து யாராவது எடுத்திருக்கணும். இந்த நாற்காலியில அப்பா மட்டும்தான் உக்காருவார்."

தம்பி மனைவி சொன்னாள்: "உன் அண்ணனுக்குப் போன் போடு."

கமா என்னைப் பார்த்தாள். அந்த வீட்டில் அந்த வார்த்தை கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

குடும்பப் பொருள் ஒன்று காணவில்லை. அது எங்கே என்று கேட்பது உறவு கொண்டாடுவதாகாது. "கேக்கறதை மட்டும் கேளு," என்றேன். "எல்லாருக்கும் கேக்கற மாதிரி போடு."

ஒரே மணியில் எடுத்தான். பின்னால் பிரிண்டர் ஓடுகிற சத்தம்.

"கமா?"

"அண்ணா. அப்பா மெஷினோட லைசென்ஸ்... உன்கிட்ட இருக்கா?"

பிரிண்டர் நின்றது.

"யார் யார் இருக்கீங்க?"

"எல்லாரும்."

"பெரியப்பா?"

"இருக்கார்."

"இருக்கு," என்றான். "என் மெஷின்லதான் ஓடுது. அப்பா குடுத்தார்."

என் தம்பி அவனோடு பேசவில்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். "எப்படிக் குடுத்தான்னு கேளு," என்றேன். கமா கேட்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"கிராக் போட்டுத்தான் ஓட்டிட்டிருந்தேன். ஒரு நாள் மாட்டிக்கிச்சு. ஸ்கிரீன் கறுப்பாயிடுச்சு. வந்திருந்த கஸ்டமர், 'உங்க அப்பா கடையில இப்படி இல்லையே'ன்னு சிரிச்சிட்டு எழுந்து போனார். மறுநாள் அப்பா நம்பர்லேர்ந்து போன். எடுத்து 'அப்பா'ன்னேன். பதில் இல்ல. மூச்சு மட்டும் கேட்டுது. அப்புறம் படிக்க ஆரம்பிச்சார்."

"என்னத்தை?"

"எழுத்து, நம்பர். அஞ்சு படிச்சிட்டு நின்னார். எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா அவர் நின்னா நான் என்ன சொல்வேன்னு உனக்குத் தெரியுமே. 'சரி'ன்னேன். அடுத்த அஞ்சு படிச்சார்."

இதை வெளியாருக்கு விளக்கவேண்டும். தம்பி கடையில் பிழை திருத்துவது அப்படித்தான். ஒருவர் மூலத்தை வாய்விட்டுப் படிப்பார், இன்னொருவர் பக்கத்தைப் பார்த்து 'சரி' என்பார். 'சரி' வராமல் அடுத்த வரிக்குப் போகக் கூடாது. பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்து அவன் மகன் அந்த நாற்காலியின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு 'சரி' சொன்னவன்.

"ரெண்டாவது அஞ்சுலதான் என்னன்னு புரிஞ்சுது. பேப்பர் தேடினா வெச்சிடுவாரோன்னு உள்ளங்கையிலயே எழுதினேன். கடைசி வரைக்கும் படிச்சார். திரும்ப முதல்லேர்ந்து ஒரு தடவை படிச்சார், சரிபாக்கறதுக்கு. அஞ்சு தடவை 'சரி' சொன்னேன். வெச்சிட்டார்." நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "அதான் நான் கேட்ட கடைசிக் குரல். நல்லாயிருக்கியான்னுகூடக் கேக்கல கமா. நானும் கேக்கல."

பேசக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். தம்பி பேசவில்லை.

"தம்பிக்கு யார் சொன்னாங்களாம்?" என்றேன். "இவன் மெஷின் மாட்டிக்கிட்டது இங்க எப்படித் தெரியும்?"

"தெரியாது," என்றது போன். "நான் யார்கிட்டயும் சொல்லல. சத்தியமா."

கமாவைப் பார்த்தேன். இல்லை என்று தலையசைத்தாள். தம்பி மனைவியும் அசைத்தாள். என் மனைவி தண்ணீர் கொண்டுவருவதாகச் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சொம்பு நிறைந்திருந்தது. தரையெல்லாம் சிந்திக்கொண்டே போனாள்.

"அம்மா அங்க இருக்காங்களா?" என்றான் அவன்.

தம்பி மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள்.

"இருக்காங்க," என்றாள் கமா.

"நான் இங்க எடுத்துடறேன்னு சொல்லு. இப்பவே எடுத்துடறேன். நீங்க அங்க போட்டுக்குங்க. அது அந்த வீட்டுது. புது மெஷினுக்குத்தானே கேக்கறீங்க? ஒரு நிமிஷம் இரு. திறந்துட்டேன்."

அவள் கேட்டதெல்லாம் அந்த ஒன்றுதான். புருஷன் கை பட்டது ஒன்று இந்தப் புது மெஷினில் ஓடவேண்டும். மகன் ஒரு பொத்தானை அழுத்தினால் வந்துவிடும்.

அவள் மேஜைக்கு வந்தாள். கமா வைத்திருந்த அட்டையை எடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து முதல்தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"பேசக் கூடாதுன்னுதானே சொன்னீங்க. படிக்கக் கூடாதுன்னு சொல்லலையே?"

நீதிமன்றத்தில் எத்தனையோ வக்கீல்களைக் கேட்டிருக்கிறேன். எனக்குப் பதில் இல்லாமல் போனதில்லை.

"படிக்கறது பேசறது ஆகாது," என்றேன்.

போனை வாயருகே வைத்துக்கொண்டாள். அவளுக்கு ஆங்கில எழுத்து தடவித் தடவித்தான் வரும்.

"கே. ஏழு. எம்... நாலு. டபிள்யூ."

அவள் காத்திருந்தாள்.

"அம்மா..."

அவள் அதற்குப் பதில் சொல்லவில்லை. மறுபடி அதே ஐந்தைப் படித்தாள். எதற்குப் படிக்கிறாள் என்று எனக்கே அப்போதுதான் பிடிபட்டது. எடுக்காதே, உன்னிடமே இருக்கட்டும் என்பதை வேறு எப்படிச் சொல்வாள்?

"சரி," என்றான்.

இரண்டாவது ஐந்து. "சரி." மூன்றாவது. "சரிம்மா." நாலாவதில் ஒவ்வொரு எழுத்துக்கும் நின்று நின்று முடித்தாள். அவனும் சொன்னான், அழுதுகொண்டே.

ஐந்தாவது கொத்து அவளால் ஆகவில்லை. அட்டையைக் கண்ணருகே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள். கண் நிறைந்திருந்தால் எதுவும் தெரியாது. கமா அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்திருந்தாள்.

அந்த எழுத்து மிகவும் சிறியது. கண்ணாடி போட்டிருந்தவன் நான் ஒருவன்தான். அட்டையை வாங்கிக்கொண்டேன்.

"டி," என்றேன். "ஒன்பது. ஹெச். ரெண்டு. ஒய்."

அந்தப் பக்கம் ஒன்றும் வரவில்லை.

தெளிவாகத்தான் படித்தேன். என் குரல் கோர்ட் வராந்தா வரை கேட்ட குரல். இருந்தாலும் இன்னொரு தடவை படித்தேன். காத்திருந்தேன். 'சரி' வராமல் வேலை முடிந்ததாக அந்தக் கடையில் கணக்கில்லை. போன் அப்படியே மேஜைமேல் கிடந்தது. அவன் மூச்சு கேட்டது. பிறகு அதுவும் இல்லை. வைத்துவிட்டான்.

பழைய மெஷின் அலறி அணைந்தது. தம்பி மனைவி போய்த் திரும்பவும் அதைப் போட்டுவிட்டாள்.

"புதுசு வாங்கு," என்றேன் கமாவிடம். "முறையா வாங்கு. உன் பேர்ல வாங்கு."

உடனே வாங்கிவிட்டாள். அவள் சொன்ன மாதிரி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மறுநாள் வருகிறவர் வந்து பார்க்கலாம். அதில் குறை ஒன்றும் இருக்காது. எங்கள் வீட்டில் திருட்டுச் சரக்கு இல்லை.

அன்று முழுவதும் தம்பி மனைவி அந்த நாற்காலியிலேயே இருந்தாள். பழையது அணையும். அவள் பொத்தானை அழுத்துவாள். கறுப்புத் திரை வரும், மூலையில் அந்தச் சாம்பல் எழுத்து வரும். அதை விரலால் தொட்டுப் பார்ப்பாள். கமா டேப்பைத் திரும்ப ஒட்டப் போனாள். வேண்டாம் என்றுவிட்டாள்.

என் மனைவி அதற்குப் பிறகு கடையறைப் பக்கமே வரவில்லை. அவளை நான் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.

சாயங்காலம் எதிர்வீட்டுக்காரர் வந்தார். மதர்போர்டு டீக்கடையில் உட்கார்ந்து தன் வேலையைச் செய்திருக்கிறார். பெரியவர் என்னை வெளியே அனுப்பினார், அடுத்த நிமிஷம் மகனுக்குப் போன் போனது, அப்பன் கம்ப்யூட்டரிலிருந்து லைசென்ஸைத் திருடிக்கொண்டு போனவன் அந்தப் பையன்தான் என்று. தெருவில் இன்னும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். எதிர்வீட்டுக்காரர் துக்கம் கேட்கிற குரலில், "மகனே இப்படிச் செஞ்சிட்டானாமே?" என்றார்.

அவருக்கு வாசலில் நின்று சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். அவன் திருடவில்லை. என் தம்பி கொடுத்தான்.